தசை அழற்சி நோய்: சிகிச்சை எந்த அளவுக்குப் பலன் தரும் என்று கணிப்பது எப்படி?

தசை அழற்சிக்கு ஸ்டீராய்டு தொடங்கியதும் குடும்பத்தார் பெரும்பாலும் சிங்கப்பூரின் ஹெல்த்ஹப் சுகாதாரச் செயலியில் சி.கே. (தசை சேதமடையும்போது இரத்தத்தில் கூடும் நொதி) அளவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பலனைக் கணிக்க அது போதாது. பலவீனத்துக்குக் காரணம் தசையின் வீக்கமா, தசை கொழுப்பாக மாறிவிட்டதா என்பதையே முதலில் அறிய வேண்டும். எம்ஆர்ஐ படத்தில் இவ்விரண்டும் வேறுபட்டுத் தெரியும். வீக்கம் மருந்துக்கு அடங்கக்கூடும். கொழுப்பாகிவிட்ட தசையை மருந்தால் மீட்க முடியாது. நோய் நீடிக்க நீடிக்கத் தசை கொழுப்பாகும் வாய்ப்பு கூடும். ஆகவே நோய் தொடங்கிய காலத்தை மருத்துவரிடம் இயன்றவரை துல்லியமாகச் சொல்லுங்கள். தைப்பூசத்தன்று பால்குடம் சுமந்தவர், தீபாவளிக்குள் தலைவாரக் கையைத் தூக்க முடியாமல் தவித்தார் என்பதுபோன்ற விவரம் மிகவும் உதவும்.

அடுத்து, ஆன்டிபாடி (உடலையே தாக்கும் எதிர்ப்புப் புரதம்) இரத்தப் பரிசோதனையின் முடிவைக் கேட்டு வாங்குங்கள். கீழே வரும் எம்ஐ-2, ஜோ-1 போன்ற பெயர்கள் இந்த ஆன்டிபாடி வகைகளைக் குறிக்கும். எம்ஐ-2 இருந்தால் சிகிச்சைக்கு நல்ல பலன் எதிர்பார்க்கலாம். ஜோ-1 இருந்தால் நுரையீரலையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும். நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் ரிட்டுக்சிமாப் மருந்தைப் பற்றி 200 பேர் பங்கேற்ற ஆய்வில், இவ்விரண்டில் ஒன்று இருந்தவர்களிடமே முன்னேற்றத்துக்கான வாய்ப்பு கூடுதலாகக் காணப்பட்டது. எஸ்ஆர்பி, எச்எம்ஜிசிஆர் வகைகளுக்கு ஸ்டீராய்டு மட்டும் பெரும்பாலும் போதாது. இவற்றில் இரண்டாவது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையோடு தொடர்புடையது என்பதால், பலதுறை மருந்தகத்தில் தந்த மருந்துகள் அனைத்தையும் பையோடு எடுத்துச் செல்லுங்கள். எம்டிஏ5 வகையில் தசை ஓரளவு வலுவாகவே இருக்க, நுரையீரல் சில வாரங்களில் மோசமாகலாம். வறட்டு இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் அடுத்த சந்திப்புத் தேதிவரை காத்திருக்கக் கூடாது. டிஐஎஃப்1-காமா உள்ள பெரியவர்களுக்குப் புற்றுநோய்ப் பரிசோதனை அவசியம். சிங்கப்பூர்ச் சீனர்களிடையே தோலும் தசையும் சேர்ந்து பாதிக்கப்படும் வகையோடு மூக்குத்தொண்டைப் புற்றுநோய் வருவதுண்டு என்பதால் இங்கே மூக்கு உள்நோக்கிச் சோதனையும் செய்யப்படுகிறது. அதைச் சீனர்களின் நோய் என்று நாம் ஒதுக்கிவிடுவது சரியன்று.

நடுத்தர வயதைக் கடந்தவருக்கு விரல்களை மடக்குவதிலும் முன்தொடையிலும் பலவீனம் மெல்ல வளர்ந்து, பல மாத ஸ்டீராய்டுக்கும் அசையவில்லை என்றால், அது உள்ளடக்கத் தசை அழற்சி (inclusion body myositis) என்ற வேறு வகையாக இருக்கலாம். ஸ்டீராய்டு அதற்குப் பலன் தருவதில்லை. தசைத் திசு ஆய்வை (பயாப்சி) மறுபடி பார்க்கக் கேளுங்கள்.

முன்னேற்றத்தை அளக்க அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் 2016இல் வகுத்த முறையில் மொத்தம் 100 மதிப்பெண். பெரியவர்கள் 20 பெற்றால் குறைந்தபட்ச, 40 என்றால் மிதமான, 60 என்றால் பெரிய முன்னேற்றம். இதில் தசை வலிமைக்கு 32.5 வரை கிடைக்கும், சி.கே. போன்ற நொதிகளுக்கு 7.5 மட்டுமே. எனவே கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா, பேருந்துப் படி ஏற முடிகிறதா என்பதை முதல் மாத்திரைக்கு முன்பே குறித்துவைத்து, பின்னர் வாரந்தோறும் ஒப்பிடுங்கள்.

சி.கே. சீரான பிறகும் படியேறுவது கடினமாகிக்கொண்டே போனால், ஸ்டீராய்டே தசையை நலிவிக்கிறதா என்ற ஐயம் எழ வேண்டும். அப்போதும் மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், குறித்துவைத்த ஏட்டுடன் மருத்துவரைச் சந்திக்க வேண்டும்.