மே மாதம் இலங்கைக் கடலுக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னால்

எங்கள் அபார்ட்மெண்டின் கீழ்த்தளத்துப் பையன் போன வாரம் மனைவியோடு மாடிக்கு வந்தான். "எல்லாம் புக் பண்ணிட்டோம்க்கா. நீங்க ஒரு தடவை பார்த்துட்டா நிம்மதி" என்று போனை நீட்டினான்.

மே இரண்டாவது வாரம். ஹிக்கடுவையில் நான்கு இரவு, மிரிஸ்ஸாவில் திமிங்கிலம் பார்க்கப் படகு, கித்துல்கலவில் ராஃப்டிங், கடைசியாக ஒரே நாளில் சிகிரியா, பொலன்னறுவை, அனுராதபுரம். படிக்கப் படிக்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2013-ல் நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்த திட்டம் இதேதான். இப்போது வருடத்துக்கு நான்கைந்து குழுக்களை இலங்கைக்கு அழைத்துப் போவதுதான் என் பிழைப்பு. ஆனாலும் இந்தப் பட்டியல் ஏதோ ஒரு போனில் என்னைத் தேடி வந்துகொண்டேதான் இருக்கிறது.

விசா, பாஸ்போர்ட் தேதி, சன்ஸ்கிரீன் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள்.

மே மாதத்தில் தெற்குக் கரை

சென்னைக்காரர்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. மே என்றால் கத்திரி வெயில். மீனம்பாக்கத்தில் ஏறி ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடுகிற ஊரில் மட்டும் வானிலை அப்படி என்ன மாறிவிடப் போகிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

மாறுகிறது. இலங்கை சின்னத் தீவுதான், ஆனால் நடுவில் மலை நிற்கிறது. உச்சியான பிதுருதலாகல 2,524 மீட்டர். மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு, பெந்தோட்டை, ஹிக்கடுவை, காலி, மிரிஸ்ஸா பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மலையேறி இறங்கி, கிழக்கே போய்ச் சேரும்போது வறண்டுவிடுகிறது. கேரளத்தில் கொட்டும்போது நமக்கு வெயில் காய்கிறதே, அதே கணக்கு. மட்டக்களப்புப் பக்கம் அந்த வறட்டுக் காற்றைக் கச்சான் என்கிறார்கள். (வேர்க்கடலைக்கும் அங்கே கச்சான்தான். "கச்சான் அடிக்குது" என்று முதல்முறை கேட்டபோது நான் கடலை வண்டியைத் தேடினேன்.) மார்கழி, தையில் நிலைமை தலைகீழ். வாடைக்காற்றில் கிழக்குக் கரை நனைகிறது, அலை எழும்புகிறது. தெற்கே கடல் அடங்கிக் கிடக்கிறது.

இது எதுவும் எனக்கு 2013-ல் தெரியாது. பெந்தோட்டையில் ஒரு ஹோட்டல் பாதி விலைக்குக் கிடைத்தது. கெட்டிக்காரத்தனமாகப் பிடித்துவிட்டோம் என்று கணவரிடம் பீற்றிக்கொண்டேன். கடற்கரை ஹோட்டல் பாதி விலைக்கு ஏன் கிடைக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

போய்ச் சேர்ந்த அன்று வரவேற்பில் இருந்தவர் "கடல் கொஞ்சம் ரஃப்" என்றார். கொஞ்சமா? மணலில் சிவப்புக் கொடி நட்டிருந்தது. பால் தூக்கலாகப் போட்ட டீயின் நிறத்தில் தண்ணீர். என் பையன் காலில் அலை பட்டதுமே காவலர் விசில் அடித்தார். அடுத்த இரண்டு நாளும் அவன் நீச்சல் கண்ணாடியைக் கழற்றாமல் ஹோட்டல் படிக்கட்டில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்குள் ஆவி படியும், துடைப்பான், திரும்ப மாட்டிக்கொள்வான்.

திமிங்கிலப் படகுக்குச் சென்னையிலிருந்தே முன்பணம் கட்டியிருந்தேன். மிரிஸ்ஸாவுக்குப் போன் செய்தால், "மேடம், நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் சீசன்" என்று பதில் வருகிறது. அப்புறம் எதற்கு மே மாதத் தேதிக்குப் பணம் வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை, பணமும் இல்லை. எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய்க்கு மேல் போனது. பணத்தைவிட எரிச்சல் வேறு இடத்தில். இணையதளத்தில் இருந்த நீலக்கடல் படம் பொய்ப் படம் இல்லை. அதே கரைதான், பிப்ரவரியில் எடுத்தது. பொய் சொல்லாமலேயே ஏமாற்றிவிட்டார்கள். இன்றைக்கும் "ஆஃப் சீசன் சலுகை" என்ற எழுத்தைப் பார்த்தால் எனக்குப் பல் கூசும்.

சரி, என்ன செய்வது? நம் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை மே மாதத்தில்தான் வருகிறது. அப்படியானால் கிழக்குக் கரைக்குப் போங்கள். திருகோணமலையை ஒட்டிய உப்புவெளி, நிலாவெளி, தெற்கே பாசிக்குடா, அலைச்சறுக்கு கற்க அறுகம்பே. நிலாவெளியிலிருந்து படகில் புறாத்தீவு பக்கம்தான். ஸ்நார்க்கல் என்னும் மூச்சுக்குழாயை மாட்டிக்கொண்டு குனிந்தால் பவளப்பாறைக்கு மேலே துடுப்பு நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் நம்மைச் சட்டை செய்யாமல் போகும். பாறையை மிதிக்காதீர்கள். சாயங்காலம் ஞானசம்பந்தர் பாடிய கோணேஸ்வரம். பெரும்பாலானவர்கள் தமிழ் பேசுவதால் ஆட்டோ பேரமும் சுலபம். அரையாண்டு லீவு என்றால் மாற்றிப் போடுங்கள். டிசம்பர் கடைசியில் தெற்கு, மிரிஸ்ஸா, திமிங்கிலம்.

ஒரே நாளில் மூன்று தலைநகரங்கள்

வரைபடத்தில் சிகிரியா, பொலன்னறுவை, அனுராதபுரம் மூன்றும் பக்கம் பக்கமாகத்தான் தெரியும். ஆனால் 5-ஆம் நூற்றாண்டில் மன்னன் காசியப்பன் கோட்டை கட்டிய சிகிரியாவில் மட்டும் சுமார் 1,200 படி. வாயில் திறந்த உடனே ஏறினால் ஒன்பது மணிக்குள் இறங்கிவிடலாம். பத்து மணிக்கு ஏறுகிறவர்கள் ஓவியங்களுக்குப் போகும் சுருள் படியில் முன்னால் இருப்பவர் முதுகைத்தான் பார்ப்பார்கள். அனுராதபுரம் பரந்து கிடக்கும் ஊர், அதற்கு ஒரு முழு நாள் வேண்டும்.

அவசரமாக ஓடுகிறவர்கள் கோட்டை விடுவது பொலன்னறுவையில். வேன் ஓட்டுநர் கல் விகாரைப் புத்தர்களைக் காட்டிவிட்டு "முடிஞ்சது" என்பார். முடியவில்லை. சைக்கிள் வாடகைக்கு எடுத்து வானவன் மாதேவி ஈஸ்வரத்துக்கு மிதியுங்கள். சோழர்கள் இந்த ஊரை ஜனநாதமங்கலம் என்று ஆண்ட காலத்தில், சோழ அரசி ஒருவரின் பெயரில் எழுந்த சிவன் கோயில். பலகையில் 'சிவ தேவாலயம் 2' என்றுதான் இருக்கும். அடி முதல் முடி வரை கல். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்துக் கோயில் ஒன்றைத் தூக்கிவந்து புல்வெளியில் வைத்த மாதிரி இருக்கிறது. சுவரில் தமிழ்க் கல்வெட்டு. நான் போன மூன்றாவது பயணத்தில்தான் அதைப் பார்த்தேன். முதல் இரண்டு முறையும் வேனில் தூங்கிக்கொண்டே தாண்டியிருக்கிறேன்.

டிக்கெட் வாங்கும்போது அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குக் கட்டணம் குறைவு.

காலையில் ஸ்கூபா, மாலையில் நுவரெலியா

கூடாது. ஸ்கூபாவில் மூழ்கும்போது உடம்பில் நைட்ரஜன் கரைந்து சேர்கிறது. அது மெதுவாக வெளியேற வேண்டும். அதற்குள் உயரத்துக்குப் போனால் சோடா பாட்டில் திறந்தது போலக் குமிழியாகிவிடும். ஒருமுறை மூழ்கினால் 12 மணி நேரம், பல முறை என்றால் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம். இது பலருக்குத் தெரியும். 1,800 மீட்டருக்கு மேலே இருக்கும் நுவரெலியாவுக்குக் காரில் ஏறுவதும் அதே ஆபத்துதான் என்பது தெரிவதில்லை. ஸ்கூபாவைப் பயணத்தின் தொடக்கத்தில் வையுங்கள், மறுநாளைக் கரையிலேயே கழியுங்கள்.

மழையில் ராஃப்டிங்

கித்துல்கலவில் களனி கங்கை பெருகி ஓடும்போது "பரவாயில்லை, இறங்கலாம்" என்கிற ஆளோடு இறங்காதீர்கள்.

ரூபாய்

அங்கேயும் ரூபாய்தான். யாராவது விலை சொன்னால் எந்த ஊர் ரூபாய் என்று கேளுங்கள்.

போயா

பௌர்ணமி அங்கே விடுமுறை நாள். மதுக்கடை மூடியிருக்கும், அனுராதபுரத்தில் கூட்டம் நெரியும். காலண்டரைப் பார்த்துவிட்டுத் தேதி போடுங்கள்.

வெறுங்கால்

விகாரை வளாகங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கக்கூடாது. இதெல்லாம் நமக்குப் புரியும். மதியம் பன்னிரண்டு மணிக்கு அனுராதபுரத்து ருவன்வெலிசாய தூபியின் கல் தளம் எப்படிச் சுடும் என்பதுதான் போனால் தெரியும். கோயில் பிரகாரத்தில் ஓடிப் பழகிய கால்தானே என்று நான் மிதப்பாக இறங்கி, பத்தடியில் குதிக்க ஆரம்பித்தேன். என் மாமியார் கைப்பையிலிருந்து பழைய பள்ளிக்கூட சாக்ஸ் ஒரு ஜோடியை எடுத்து, நிதானமாக மாட்டிக்கொண்டு, முழுச் சுற்றும் சுற்றி வந்தார். எனக்கென்று இன்னொரு ஜோடி அவர் எடுத்து வரவில்லை.