அடுத்து என்ன படிப்பது?

ஒரு நாவல் பிடித்துவிட்டால் உடனே அதே எழுத்தாளரின் அடுத்த நாவலுக்குப் போகாதீர்கள். கதை நடந்த ஊர், தொழில், காலம், இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டத்துக் கதையா? அப்புறம் தோட்டத் தொழிலாளர் வரலாறு. அந்த வரலாற்று நூலின் கடைசிப் பக்கங்களில் ஒரு நூற்பட்டியல் இருக்கும், அதை விடாதீர்கள். நான் விரும்பிப் படித்த பல புத்தகங்கள் அப்படிக் கிடைத்தவைதான்.

மொழிபெயர்ப்பு நன்றாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் பெயரைக் குறித்துவையுங்கள். அவருடைய மற்ற நூல்களும் பெரும்பாலும் ஏமாற்றாது. சாகித்திய அகாதெமி வெளியீடுகளில் வங்க, கன்னட, மலையாள நாவல்கள் தமிழிலேயே கிடைக்கும்.

சென்னையில் இருந்தால் எழும்பூர் கன்னிமாரா நூலகம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி அங்கே போக வேண்டும். இரவல் பகுதியில் தேடிய புத்தகம் கிடைத்ததும் கிளம்பாமல், அதே அடுக்கில் இடமும் வலமும் பாருங்கள். ஐம்பது பக்கம் படித்தும் ஒட்டவில்லையா? சரி, திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடுங்கள்.