மீன் தலைக்குள்ள இருக்கிற கல்லை எடுத்து வயசு பாக்கிறது எப்பிடி: ஆழ்கடல் ஒரேஞ்ச் ரஃபியில இருந்து எங்கட விளைமீன் வரைக்கும்

மருமகள் ஏ.எல். உயிரியல் படிக்கிறாள். போன கிழமை வந்து "மாமா, ஆழ்கடல்ல ஒரு மீன் 200 வருசத்துக்கு மேல உயிரோட இருக்குமாம், அதை ஆர் பக்கத்தில இருந்து எண்ணினவை?" எண்டு கேட்டாள். நல்ல கேள்வி. அண்டைக்கு கூழுக்கெண்டு சின்னக்கடையில வாங்கின விளைமீன் தலை ரெண்டு குசினியில கிடந்தது, அதை வச்சே காட்டினனான், நீங்களும் வீட்டில செய்யலாம் எண்டபடியா எழுதுறன்.

முதல்ல அந்த மீன். பேர் ஒரேஞ்ச் ரஃபி, விஞ்ஞானப் பேர் ஹொப்லொஸ்தீத்தஸ் அட்லான்டிகஸ். நியூசிலாந்து, அவுஸ்திரேலியா, வட அத்திலாந்திக் பக்கங்களில கடலுக்கடி மலையளைச் சுத்தி, கூடுதலா 500 மீற்றரில இருந்து 1500 மீற்றர் ஆழத்துக்குள்ள இருக்கும். எங்கட பாக்குநீரிணைப் பக்கம் கன இடத்தில பத்துப் பன்னிரண்டு மீற்றர்தான் ஆழம், அப்ப யோசிச்சுப் பாருங்கோ. ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும், 1000 மீற்றரில 100 மடங்கு. அந்த அமுக்கத்தில காத்து நிரம்பின பையை வச்சு மிதக்கிறது சரியான கஷ்டம், அதால வளர்ந்த ரஃபியின்ர காத்துப்பைக்குள்ள மெழுகு மாதிரி ஒரு எண்ணெய்தான் இருக்கும், தோலுக்குக் கீழயும் அந்த மெழுகு இருக்கு. தோலை ஆழமா உரிக்காமல் சாப்பிட்டா வயித்தால போகும் எண்டு சொல்லுறது அதாலதான். தலை பெருசு, தலை எலும்புக்குள்ள பள்ளம் பள்ளமா வழுவழுப்பான சளி நிரம்பியிருக்கும். உடம்பு செங்கல் நிறம். சிவப்பு வெளிச்சம் அந்த ஆழத்துக்குப் போறேல்ல, அதால சிவப்பு மீன் அங்க கறுப்பாத்தான் தெரியும், அதுவே அதுக்கு மறைவிடம்.

இனி கல்லு. எலும்பு மீன் எல்லாத்துக்கும் உள்காதுக்குள்ள மூண்டு சோடி கல்லு இருக்கு, கல்சியம் காபனேற்றுத்தான், கேக்கிறதுக்கும் உடம்பு சரியாம இருக்கிறதுக்கும் உதவும். நாங்கள் தேடுறது கனமீனில ஆகப் பெரிசா இருக்கிற ஒரு சோடியை. கல்லு சாகுமட்டும் படை படையா வளரும், ஒருக்கா படிஞ்சது திரும்பக் கரையாது, அதுதான் செதிலில வளையம் எண்ணுறதை விட இதை நம்பலாம்.

எடுக்கிற விதம். விளை, கலவாய், கொடுவா இதுகளின்ர தலை நல்லது. சூரை, அறக்குளா வேண்டாம், அதுகளின்ர கல்லு சின்னனா தேடவே களைச்சுப் போவியள். திருக்கை, சுறாவில இப்பிடிக் கல்லு இல்லை, மணல் மாதிரித் துகள்தான், அதுகளுக்கு முள்ளந்தண்டு எலும்பில வளையம் எண்ணுறவை.

தலையைப் பலகையில வச்சு, ஒரு துணியால இறுக்கிப் பிடியுங்கோ, வழுக்கிக் கையை வெட்டிப்போடும். கண்ணுக்குக் கொஞ்சம் மேலால இருந்து பின்பக்கமா, மூடியைத் திறக்கிற மாதிரி மண்டையோட்டின்ர மேல்பகுதியைச் சீவுங்கோ, ஆழமா இறக்காதையுங்கோ, கல்லும் சேர்ந்து உடைஞ்சிடும். வெள்ளையா மூளை தெரியும். அதை மெல்ல ஒதுக்கினா மூளைக்குக் கீழ கொஞ்சம் பின்பக்கமா ரெண்டு பக்கத்திலயும் ஒவ்வொரு குழி, அதுக்குள்ளதான் கல்லு. சாவணம் இருந்தா அதாலயே எடுங்கோ, நகத்தாலயும் எடுக்கலாம். இது பயமா இருந்தா தலையை அவிச்சுப்போட்டு எலும்பைப் பிரிச்சுப் பாருங்கோ, அதுவும் சரி, மருமகள் ரெண்டாவது தலையை அப்பிடித்தான் செய்தவள், எனக்கு முதல் தன்ர கல்லு ரெண்டையும் எடுத்திட்டாள்.

எடுத்தவுடன தண்ணியில கழுவி, சவ்வை விரலால தேய்ச்சு எடுத்துப்போட்டுக் காய விடுங்கோ. தேசிக்காய்ப் புளி, வினாகிரி பக்கம் கொண்டு போகவே வேண்டாம், கல்லுக் கரையும். எனக்கு அதையும் காட்ட ஆசை வந்து ஒரு கல்லை மட்டும் தேசிக்காய்ப் புளிக்குள்ள போட்டனான், குமிழி குமிழியா வந்தது. ரெண்டு கல்லு இருக்கிறதால ஒண்டை இப்பிடித் துணிஞ்சு இழக்கலாம்.

வளையம் பாக்க, கறுப்புத் தட்டில கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுக் கல்லை வச்சு, ரோச்சைப் பக்கத்தால அடிச்சு, போன் கமராவைக் கிட்டக் கொண்டுபோங்கோ. வெள்ளையும் கறுப்புமா மாறி மாறிக் கோடு வரும். கல்லுத் தடிப்பா இருந்து ஒண்டும் தெரியேல்லையெண்டா, நடுவால முறிச்சு, முறிஞ்ச பக்கத்தை மெழுகுதிரி நெருப்பில மெதுவா மண்ணிறமா வரும்மட்டும் சூடு காட்டி, பேந்து எண்ணெய் பூசிப் பாருங்கோ, கோடு மண்ணிறமாத் தெளிவாத் தெரியும்.

எண்ணேக்க ஒண்டு கவனிக்க வேணும். ஒரு வெள்ளை ஒரு கறுப்பு ஒரு வருசம் எண்டது குளிரும் வெயிலும் வடிவா மாறுற கடல் மீனுக்குத்தான் நல்லாப் பொருந்தும், எங்கட வெக்கைக் கடலில வளையம் மங்கலா இருக்கும், அதால வந்த எண்ணிக்கையை முடிவெண்டு எடுக்காதையுங்கோ.

ரஃபியில இதுதான் பெரிய பிழையா வந்தது. முதல்ல அதின்ர வயசைக் குறைச்சு மதிச்சவை, கெதியா வளர்ற மீன் எண்டு நினைச்சு 1970களின்ர கடைசியில இருந்து நியூசிலாந்துப் பக்கம் பெரிய வலை போட்டு அள்ளினவை. பிறகு கல்லைப் பிசினுக்குள்ள இறுக்கி, மெல்லிய தகடா வெட்டி மைக்றோஸ்கோப்பில பாத்தா நூறு தாண்டிக் கோடு போகுது. கல்லில இருக்கிற ரேடியம் எவ்வளவு ஈயமா மாறியிருக்கு எண்டு அளந்தும் பாத்தவை, 1991 இல வந்த அந்த அளவும் நீண்ட வயசைத்தான் காட்டினது. முட்டை போடத் தொடங்கவே அதுக்கு 20 இல இருந்து 40 வருசம் வேணும், போட்டாலும் ஒரு பெட்டைக்குச் சில பத்தாயிரம் முட்டைதான், சில மீனுகள் மில்லியன் கணக்கில போடேக்க. முட்டை போடுறதுக்கு ஒரே மலையில கூட்டமா வந்து நிக்கும், வலை அங்கதான் போகும். 2006 இல அவுஸ்திரேலியா இதைப் பாதுகாக்க வேண்டிய மீன் பட்டியல்ல போட்டது. எனக்கு இதைப் படிக்கேக்க மனசு பாரமாத்தான் இருந்தது, என்ர அம்மம்மா பிறக்க முதலே நீந்தித் திரிஞ்ச மீன் தட்டில வந்து கிடக்குது.

ரஃபியின்ர கல்லை வெட்டினா, முட்டை போடத் தொடங்கின வருசத்தில இருந்து கோடுகள் நெருக்கமா வரும், வளர்ச்சி குறைஞ்சது அப்பிடியே பதிஞ்சிருக்கும். உங்கட கல்லிலயும் வெளிப்பக்கக் கோடு நெருக்கமா இருக்கோ எண்டு பாருங்கோ.

பாத்து முடிய, நல்லாக் காய்ஞ்ச கல்லை மருந்து போட்டுத் தாற சின்ன உறைக்குள்ள போட்டு, மீன்ர பேர், நீளம், எந்தக் கரையில வந்தது, என்ன திகதி எண்டு பென்சிலால எழுதி வையுங்கோ, பேனை மை ஈரத்தில அழியும். மருமகள் இப்ப பன்னிரண்டு உறை சேர்த்திட்டாள், இனிப் பாசையூர்ப் பக்கம் ஒரு கொடுவாத் தலைக்குச் சொல்லி வச்சிருக்கிறம்.