விண்டோஸில் போர்ட்ஆடியோவை நாமே கம்பைல் செய்வது எப்படி?

போர்ட்ஆடியோ, சி மொழியில் எழுதப்பட்ட திறமூல ஒலி நூலகம். ஆடாசிட்டி ஒலியைப் பதிவதும் ஒலிப்பதும் இதன் வழியாகத்தான். பைத்தானில் மட்டும் எழுதுபவருக்கு இந்தப் பாடு பெரும்பாலும் தேவையில்லை. பைத்தானிலிருந்து போர்ட்ஆடியோவைப் பயன்படுத்த உதவும் பைஆடியோவின் விண்டோஸ் தொகுப்பிலேயே இது அடங்கி வந்துவிடும். சி, சி++ எழுதுவோர் தொடர்ந்து படியுங்கள்.

கம்பைலர் அடங்கிய விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி 2022, அதற்கான ப்ராஜெக்ட் கோப்புகளை உருவாக்கித் தரும் சிமேக் இரண்டும் வேண்டும், இரண்டும் இலவசம். முன்னதை நிறுவும்போது ‘டெஸ்க்டாப் டெவலப்மென்ட் வித் சி++’ பெட்டியை டிக் செய்யாவிட்டால் கம்பைலரே வராது. பிறகு கிட்ஹப் தளத்திலிருந்து போர்ட்ஆடியோவின் மூலநிரலை ஜிப் கோப்பாக இறக்கி, சி டிரைவில் சிறிய ஆங்கிலப் பெயருள்ள கோப்புறையில் விரியுங்கள். பாதையில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ வராமலிருப்பது நல்லது.

சிமேக்கின் சாளரப் பதிப்பை (cmake-gui) திறந்தால் மேலே இரண்டு கட்டங்கள் இருக்கும். முதலாவதில் மூலநிரல் கோப்புறை, இரண்டாவதில் புதிதாக ஒரு காலிக் கோப்புறை. இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள், பிறகு எதை அழிப்பது, எதை வைத்துக்கொள்வது என்றே தெரியாது. ‘கான்ஃபிகர்’ அழுத்தி, விஷுவல் ஸ்டூடியோ 2022, எக்ஸ்64 எனத் தேர்ந்தெடுங்கள். உடனே திரை சிவக்கும். பயப்பட வேண்டாம், அது பிழையல்ல. புதிதாக வந்த அமைப்புகளைத்தான் சிமேக் அப்படிக் காட்டுகிறது. எடுத்துக்காட்டு நிரல்களுக்கான பெட்டியை டிக் செய்து மீண்டும் ‘கான்ஃபிகர்’ கொடுத்தால் சிவப்பு மறையும். ஏசியோ (ASIO, தாமதம் குறைந்த ஒலி இயக்கி முறை) ஆதரவை இப்போது தொடாதீர்கள். அதற்கு ஸ்டைன்பெர்க் நிறுவனத்தின் எஸ்டிகே (நிரலாக்கத் தொகுப்பு) தனியாக வேண்டும். முதலில் ஒரு சத்தம் வரட்டும்.

‘ஜெனரேட்’, பிறகு ‘ஓபன் ப்ராஜெக்ட்’. விஷுவல் ஸ்டூடியோவில் ‘ரிலீஸ்’ என மாற்றி, ‘பில்ட் சொல்யூஷன்’. மஞ்சள் எச்சரிக்கைகள் சில வரலாம், விட்டுவிடுங்கள். கடைசி வரியில் தோல்வி பூஜ்யமாக இருந்தால் போதும்.

இப்போது சைன் அலை எடுத்துக்காட்டை இயக்குங்கள். சில நொடிகள் ‘கூ’ என்று ஒலிக்கும். டிஎல்எல் (நிரல் ஓடும்போது தேவைப்படும் நூலகக் கோப்பு) இல்லை என்று முரண்டு பிடித்தால், அந்தக் கோப்பை இஎக்ஸ்இ இருக்கும் இடத்திலேயே நகலெடுத்து வையுங்கள்.

சாதனங்களைப் பட்டியலிடும் நிரலையும் ஓட்டிப் பாருங்கள். ஒரே ஸ்பீக்கர் நான்கைந்து முறை வரும். எம்எம்இ, டைரக்ட்சவுண்ட், வசாபி (WASAPI) என விண்டோஸில் ஒலிக்கு உள்ள தனித்தனி வழிகள் ஒவ்வொன்றும் அதைத் தன் கணக்கில் சொல்கின்றன. பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருந்தால் அது எம்எம்இ. 31 எழுத்துக்கு மேல் அதில் இடமில்லை. தாமதம் குறைய வேண்டுமென்றால் வசாபியைத் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் நிரலில் சேர்க்க ‘இன்க்ளூட்’ கோப்புறையும் லிப் கோப்பும் வேண்டும்; டிஎல்எல் உருவாகியிருந்தால் அதுவும் உங்கள் இஎக்ஸ்இ அருகில் இருக்க வேண்டும். உங்கள் ப்ராஜெக்டும் எக்ஸ்64 ஆக இருக்க வேண்டும். 32 பிட் நிரலோடு இது இணையாது.