நாள்பட்ட முதுகுவலியில் நம்பிக்கையைக் குலைக்கும் தவறுகள்

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கிற அல்லது விட்டுவிட்டுத் திரும்புகிற வலியை நாள்பட்ட வலி என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, 2022இல் நடைமுறைக்கு வந்த பதிப்பில், அதற்குத் தனி இடமே அளித்திருக்கிறது. இவ்வகை வலிகளில் மிகப் பரவலானது கீழ்முதுகு வலி. அந்த வலியோடு ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்கள் நம்பிக்கை இழப்பதற்கு வலியின் கடுமை மட்டும் காரணமன்று. வலியைப் பற்றிய சில எண்ணங்களுக்கும் பழக்கங்களுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

அவற்றில் முதன்மையானது, வலி அடியோடு நின்ற பிறகுதான் வாழ்க்கையைத் தொடர முடியும் என்று காத்திருப்பது. தையல் வேலையை மறுபடி எடுப்பது, உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போவது, பிள்ளையைப் பள்ளியில் விட்டு வருவது என எல்லாவற்றையும் 'முதலில் சரியாகட்டும்' என்று தள்ளிவைப்பவர், ஒவ்வொரு சிகிச்சையையும் வலி போயிற்றா இல்லையா என்ற ஒரே கேள்வியால் அளக்கிறார். நாள்பட்ட வலிக்கான சிகிச்சைகளில் பெரும்பாலானவை வலியைக் குறைப்பவையே தவிர முற்றிலும் நீக்குபவை அல்ல என்பதால், அந்த அளவுகோலில் எல்லாமே தோல்வியாகத் தெரிகிறது. மருத்துவர் மாறுகிறார், வைத்தியமுறை மாறுகிறது, சேமிப்பு கரைகிறது, ஏமாற்றம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. வலி குறைந்தால் எதைச் செய்ய விரும்புகிறோமோ அதில் ஒரு சிறு பகுதியை, வலி இருக்கும்போதே, இந்த வாரம் தொடங்க முடியுமா என்று பார்ப்பதே பயனுள்ள வழி. சென்ற மாதம் 10 நிமிடம் நின்று சமைக்க முடிந்தவருக்கு இம்மாதம் 15 நிமிடம் முடிகிறதென்றால், வலியின் அளவு மாறாவிட்டாலும் அது உண்மையான முன்னேற்றம். நம்பிக்கை கால் ஊன்ற வேண்டிய இடம் அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஸ்கேன் அறிக்கையைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. 'தேய்மானம்', 'ஜவ்வு விலகல்' என்று கேட்ட நாளிலிருந்து குனியவே அஞ்சுகிறவர்கள் பலர். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வின் கணக்குப்படி, 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் முதுகெலும்பு ஜவ்வில் தேய்மானம் இருந்தது. எனவே அந்தச் சொல்லை மட்டும் வைத்து எதிர்காலத்தை முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு போனாலோ, தொடையிடுக்குப் பகுதி மரத்துப்போனாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை என்றதும் 'எல்லாம் மனப்பிரமை' என்று வீட்டார் சொல்வதும், நோயாளியே அதை நம்பத் தொடங்குவதும் மிகவும் வேதனை தருபவை. காயம் ஆறிய பிறகும் தண்டுவடமும் மூளையும் மிகைக் கூருணர்வு நிலையிலேயே இருந்து, சாதாரண அசைவைக்கூட வலியாக உணர்த்தக்கூடும். அந்த வலி கற்பனையன்று. வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்று, வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020இல் திருத்திய வரையறையின் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது.

வலி குறைந்த ஒரு நாளில் ஒட்டடை அடித்து, போர்வைகளைத் துவைத்து, தேங்கிய வேலையையெல்லாம் முடித்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் படுக்கையில் கிடப்பது பலருக்கும் பழகிப்போன சுழற்சி. நோய் முற்றிவிட்டது என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். உண்மையில் கூடியது அன்றைய வேலையின் அளவுதான். வலி ஏறும்வரை காத்திராமல் கடிகாரத்தைப் பார்த்து வேலையை நிறுத்துவதும், மோசமான நாளிலும் சிறிது நடப்பதும் இச்சுழற்சியைத் தளர்த்தும்.

டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை மருந்துக்கடையில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது இரைப்பைப் புண்ணுக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் இட்டுச் செல்லலாம்.

நம்பிக்கை இழப்பை மருத்துவரிடம் சொல்லாமல் மறைப்பதை மட்டும் எவரும் செய்ய வேண்டாம். நாள்பட்ட வலியோடு மனச்சோர்வு வருவது மிகச் சாதாரணம். அதற்குச் சிகிச்சை உண்டு, வலி தீரும்வரை அது காத்திருக்க வேண்டியதுமில்லை. உறக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பின்றி, வாழ்ந்தது போதும் என்ற நினைப்பு எழுந்தால், இந்தியாவில் இருப்பவர்கள் அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.