அண்டாவில் நெளிவது எந்தக் கொசு?

வளவு வீட்டு முற்றத்தில் மழைத்தண்ணீர் பிடிக்கும் அண்டாதான் காரைக்குடியில் என் விலங்கியல் மாணவர்களுக்கு நான் காட்டும் முதல் ஆய்வுக்கூடம். வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் மொண்டு அசையாமல் வையுங்கள். புழு நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்திருந்தால் அனாஃபிலஸ். அதற்கு வால்முனையில் மூச்சுக்குழல் கிடையாது. தலைகீழாகத் தொங்கினால் குழலைப் பாருங்கள். நீண்டு மெலிந்திருந்தால் க்யூலெக்ஸ், குட்டையாகத் தடித்திருந்தால் பெரும்பாலும் ஏடிஸ். கைலென்ஸ் போதும்.

மூன்றும் குலிசிடே என்னும் கொசுக் குடும்பம்தான். அனாஃபிலஸ் மட்டும் தனித் துணைக்குடும்பம்.

வளர்ந்த ஏடிஸின் முதுகில் யாழ் வடிவ வெள்ளைக் கோடு இருந்தால் ஈஜிப்டி. நடுவே ஒற்றைக் கோடென்றால் அல்போபிக்டஸ்.

அறிவியல் பெயரில் பேரினம் முன்னே, சிற்றினம் பின்னே. ஈஜிப்டியை 1762இல் உயிரினங்களை வகைப்படுத்திப் பெயரிட்ட அறிஞர் லின்னேயஸ் க்யூலெக்ஸ் பேரினத்தில்தான் வைத்தார். பிறகு அது ஏடிஸுக்கு மாறியதால், கொசுவின் பெயருக்குப் பின்னால் அவர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வரும். 1758இல் அவர் பெயரிட்ட க்யூலெக்ஸ் பிப்பியன்ஸ் இடம் மாறவில்லை, அதற்குக் குறியும் இல்லை. இந்தச் சின்ன வளைவை விட்டுவிட்டு எழுதுவது எனக்குப் பொறுக்காது. யார் எங்கே வைத்தார், எது நகர்ந்தது என்பதெல்லாம் அதில்தான் தெரிகிறது.

பார்த்து முடித்ததும் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டுங்கள். அண்டாவின் உட்பக்கத்தை நார் போட்டுத் தேய்த்துவிடுங்கள். ஏடிஸ் முட்டை அங்கே ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தும் சாகாது.