பழைய கம்ப்யூட்டருக்கு சொந்தமா போர்டு செய்யறப்போ நான் பண்ணித் தொலைச்ச தப்புகள்

போன வாரம் ஒரு தம்பி போட்டோ அனுப்பியிருந்தான். இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கேன்னு ஒரு பழைய ஹோம் கம்ப்யூட்டர், அதுக்குப் பின்னாடி அவனே செஞ்ச ஜாய்ஸ்டிக் இன்டர்ஃபேஸ், ரெண்டுக்கும் நடுவுல ஒரு முழ நீளத்துக்கு ரிப்பன் கேபிள். "அண்ணா, கேம் பாதியில தொங்கிடுது, ராம் போயிடுச்சு போல, எட்டு சிப்பையும் கழட்டப் போறேன்"னு கூடவே மெசேஜ். எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. இதே வசனத்தை நானும் ஒரு காலத்துல சொல்லியிருக்கேன், சொன்னதோட நிக்காம கழட்டியும் இருக்கேன், அந்தக் கதை கீழ வருது.

கெப்பாசிட்டரைத் தலைகீழா போடாதீங்க, ஐசியைத் திருப்பி சொருகாதீங்க மாதிரி விஷயமெல்லாம் இங்க எழுதப் போறதில்ல. ஒரு தடவை புகை வந்தா அதெல்லாம் தானா மண்டையில ஏறிடும்.

கீ இல்லாத எட்ஜ் கனெக்டர்

ஸ்பெக்ட்ரம் பின்னாடி நீட்டிட்டு இருக்கிறது தனி சாக்கெட் கிடையாது, மதர்போர்டோட ஓரமேதான். மேல 28, கீழ 28, அஞ்சாவது இடத்துல ஒரு வெட்டு. அந்த வெட்டுல போய் உட்கார நம்ம கனெக்டர்ல ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கணும், அதைத்தான் கீன்னு சொல்றோம். நீளமான கனெக்டரை வாங்கி அளவுக்கு அறுத்துப் போடறவங்க பாதிப் பேர் கீயை விட்டுடறாங்க, கேட்டா "பார்த்துதான் சொருகுவேன்"ங்கறாங்க. கீழ் வரிசையைப் பாருங்க: மூணாவது 5 வோல்ட், ஒட்டினாப்ல நாலாவது 9 வோல்ட், இடைவெளி 2.54 மில்லிமீட்டர். ஒரு பின் தள்ளி உட்கார்ந்தா உங்க போர்டோட 5 வோல்ட் லைன்ல 9 வரும், கோணலா உட்கார்ந்து ரெண்டையும் சேர்த்துத் தொட்டா மெஷினோட 5 வோல்ட் லைனுக்கே 9 ஏறும். அந்த 9ம் ரெகுலேட் பண்ணாத 9, லோடு கம்மியா இருந்தா மீட்டர்ல இன்னும் கூடத்தான் காட்டும்.

பவர் ஆன்ல இருக்கிறப்போ சொருகறது

கூடாது. சொருகறப்போ கால் தப்பாத் தொட்டு மைனஸ் 5 வோல்ட் போயி, மத்த வோல்டேஜ் மட்டும் நின்னா, 4116ங்கற ராம் சிப் பிழைக்காது.

74ஹெச்சியும் 74ஹெச்சிடியும் ஒண்ணுன்னு நினைக்கிறது

ரெண்டும் ஒரே வேலை செய்யற லாஜிக் சிப் குடும்பங்கள், பேர்ல ஒரு எழுத்துதான் வித்தியாசம். இதை நினைச்சா இன்னைக்கும் எனக்குக் கடுப்பு வரும்.

ஸ்பெக்ட்ரமுக்கு ஒரு ஈப்ராம் (ப்ரோகிராமை எழுதி வெக்கற மெமரி சிப்) போர்டு செஞ்சேன். சிபியூ கேக்கற அட்ரஸ் என்னுதான்னு பிரிச்சுப் பார்க்க ஒரு 138, கூட ஒரு 32, ரெண்டும் 74 வரிசை லாஜிக் சிப். சர்க்யூட் டயக்ராம்ல எல்எஸ்னு பழைய வகை போட்டிருந்துச்சு, என் டப்பால இருந்தது ஹெச்சி, பின் எல்லாம் அதே பின், சூடும் கம்மி, கரன்ட்டும் கம்மி, இன்னும் நல்லதுதானேன்னு சொருகிட்டேன். முதல் நாள் ஜம்முன்னு ஓடுச்சு, ரெண்டாவது நாளும் ஓடுச்சு. மூணாவது நாள் அரை மணி நேரம் ஓடினதும் ஸ்க்ரீன் முழுக்க கோடு. ஆஃப் பண்ணி ஆற விட்டா மறுபடி ஓடும், அரை மணி கழிச்சு மறுபடி கோடு. சூடானா படுக்குது, ஆறினா எந்திரிக்குது, அப்போ ராம்தான்னு நானே தீர்ப்பு எழுதிட்டேன். பழைய மெஷின், 1982 மாடல், வேற என்னவா இருக்கப் போகுது?

எட்டு 4116ஐயும் கழட்டினேன். கையில இருந்தது சாதாரண அயர்னும் ஸ்ப்ரிங் பம்ப்பும்தான், அவ்வளவு பழைய போர்டுல அது எப்படி முடியும்னு செஞ்சவங்களுக்குத் தெரியும். ஆறாவது சிப்புல பேட் (காலை சால்டர் பண்ற செம்பு வட்டம்) ஒண்ணு காலோட சேர்ந்து உரிஞ்சு வந்துச்சு, ஏழாவதுல ரெண்டு. மெல்லிசு ஒயர் வெச்சு ஒட்டுப்போட்டு, சாக்கெட் வெச்சு, புது ராம் போட்டு ஆன் பண்ணா, அரை மணி நேரம் கழிச்சு அதே கோடு. அடுத்து யூஎல்ஏ மேல, அதாவது ஸ்க்ரீனையும் கீபோர்டையும் பார்த்துக்கற சிப் மேல சந்தேகம், அதுக்கும் மாத்து சிப் தேடி வாங்கினேன். கோடு போகல. இத்தனை நாள்ல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் செய்யவே இல்ல: என் போர்டைக் கழட்டி வெச்சுட்டு மெஷினைத் தனியா ஓட விடறது. கடைசியில அலுத்துப்போய் அப்படி விட்டப்போ ராத்திரி பூரா ஓடுச்சு.

விஷயம் இதுதான். ஹெச்சி சிப் 5 வோல்ட்ல ஓடறப்போ, ஒரு சிக்னலை "1"ன்னு உறுதியா எடுத்துக்க டேட்டாஷீட் கேக்கறது 3.5 வோல்ட். ஸ்பெக்ட்ரமோட சிபியூவான பழைய என்மாஸ் வகை இசட்80 உத்தரவாதம் தர்றது 2.4 வோல்ட்தான். ஹெச்சிடிக்கு 2 வோல்ட் போதும், அந்த "டி" இருக்கிறதே இந்தப் பழைய லெவலைப் புரிஞ்சுக்கத்தான். அப்போ ஹெச்சி எப்படி ரெண்டு நாள் ஓடுச்சு? நிஜத்துல அது பாதி வோல்டேஜ் பக்கத்துலயே, 2.5 வாக்குல மாறிடும், இசட்80யும் லேசான லோடுல 3க்கு மேலயே குடுக்கும். ஆனா சூடு ஏற ஏற என்மாஸ் சிப்போட வலு குறையுது, பஸ்ல (சிப்புங்க எல்லாம் சேர்ந்து பேசற ஒயர்கள்ல) இன்னொரு போர்டு தொங்குது, எட்டு லைனும் ஒரே நேரத்துல மாறி கிரவுண்ட் ஒரு குலுங்கு குலுங்குது, அந்த மிச்சமிருந்த கொஞ்ச இடமும் காலி. ஆஸிலாஸ்கோப்புல பார்த்தப்போ என் அட்ரஸ் லைன் 3 வோல்ட்டைத் தொட்டும் தொடாம ஆடிட்டு இருந்துச்சு. ஹெச்சிடி ரெண்டு போட்டேன், முடிஞ்சது. ஒத்த எழுத்துக்காக மூணு பேட் போச்சு.

இதுல இன்னொரு வேடிக்கை இருக்கு. சிபியூவை சிமாஸ் இசட்80யா மாத்தி வெச்சிருக்கிறவங்க மெஷின்ல ஹெச்சி சூப்பரா ஓடும், ஏன்னா அது கிட்டத்தட்ட முழு 5 வரைக்கும் தூக்கிக் குடுக்கும். அவங்க "எனக்கு ஓடுதே"ன்னு சத்தியம் பண்ணுவாங்க, அது பொய்யும் இல்ல. உங்க மெஷின் அவங்க மெஷின் இல்ல, அவ்வளவுதான்.

காலியா தெரியற போர்ட் நம்பர்

வெளியில சொருகற ஒவ்வொரு இன்டர்ஃபேஸையும் சிபியூ ஒரு போர்ட் நம்பர் சொல்லித்தான் கூப்பிடும். 95 யாரும் எடுக்கலையேன்னு எடுத்துடாதீங்க. ஸ்பெக்ட்ரம் உலகத்துல பெரும்பாலும் யாரும் முழு அட்ரஸைப் பார்க்கறதில்ல. அட்ரஸ் லைன்களுக்கு ஏ0, ஏ1ன்னு வரிசையா பேரு. யூஎல்ஏ ஏ0 ஒண்ணை மட்டும் பார்க்கும், கெம்ப்ஸ்டன் ஜாய்ஸ்டிக் போர்ட் 31ன்னு பேரு, ஆனா பல போர்டுங்க ஏ5 பூஜ்யமா இருந்தாலே பதில் சொல்லும். 95லயும் ஏ5 பூஜ்யம்தான், கணக்குப் போட்டுப் பாருங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பஸ்ல கத்துவாங்க. ஏ6 இல்லைன்னா ஏ7 மட்டும் பூஜ்யமா இறங்கற நம்பரா எடுங்க, 191, 127 மாதிரி.

ஆர்டி லைனைக் கேக்காம பஃபரைத் திறக்கறது

ஆர்டிங்கறது சிபியூ படிக்குதுன்னு சொல்ற லைன், பஃபர்ங்கறது நம்ம டேட்டாவை பஸ்ல விடற கதவு. இந்தத் தப்பு பேசிக் மொழியில ஓட்டினா தெரியவே தெரியாது, அதனாலதான் கொடுமை. இன்டரப்ட் (கையில இருக்கிற வேலையை நிறுத்திட்டு இதைக் கவனின்னு சிபியூவுக்கு வர்ற சிக்னல்) வந்ததும் இசட்80 எம்1, ஐஓஆர்க்யூங்கற ரெண்டு கன்ட்ரோல் லைனையும் சேர்த்து இறக்கும், நொடிக்கு 50 தடவை. நீங்க ஆர்டியை விட்டுட்டு ஐஓஆர்க்யூவையும் ஒரு அட்ரஸ் லைனையும் மட்டும் பார்த்தா, அந்த நேரத்துலயும் உங்க பஃபர் சில சமயம் திறந்துக்கும், ஏன்னா அப்போ அட்ரஸ் லைன்ல நிக்கறது ப்ரோகிராம் கவுண்டர், அதாவது ப்ரோகிராம் எந்த இடத்துல ஓடிட்டு இருக்குங்கற நம்பர். இன்டரப்ட் மோடு 1ல அப்போ பஸ்ல வர்ற பைட்டை யாரும் மதிக்கறதில்ல. மோடு 2ல ஓடற கேம் அதை நம்பித்தான் எங்க குதிக்கணும்னு முடிவு பண்ணும், நேரா கிணத்துல குதிக்கும். அப்பவும் பழி ராம் மேலதான் விழும்.

கமடோர் 64 யூசர் போர்ட்ல வைஃபை

கமடோர் 64ம் ஒரு பழைய ஹோம் கம்ப்யூட்டர்தான், அதோட யூசர் போர்ட்ல இருக்கிற 5 வோல்ட் பின்ல 100 மில்லிஆம்ப்தான் எடுக்கலாம். ஈஎஸ்பி8266ங்கற வைஃபை சிப் சிக்னல் அனுப்பறப்போ 170 வரைக்கும் கேக்கும்னு அதோட டேட்டாஷீட்டே சொல்லுது, தனி சப்ளை குடுங்க. அந்த போர்ட்ல 9 வோல்ட் ஏசியும் இருக்கு, ஸ்க்ரூடிரைவர் வழுக்கினா நேரா அந்த போர்ட்டை நடத்தற சிஐஏ சிப்புக்குப் போகும். அதே சிப்தான் டிஸ்க் டிரைவ் சீரியல் லைனையும் பார்த்துக்குது, அதனால போர்ட் செத்த அன்னைக்கு டிரைவும் பேசாது.

ஸ்பெக்ட்ரம்னா எல்லாம் ஒண்ணுதான்

இல்ல. பின்னால வந்த பிளஸ் 2ஏ, பிளஸ் 3 மாடல்கள்ல ரோமை மறைக்கற லைனே வேற.

டீகப்ளிங்

பவர் லைன்ல வர்ற குலுங்கலை அடக்க 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், சிப்புக்கு ஒண்ணு, அதோட பவர் காலுக்கு ஒட்டினாப்ல.

ரிப்பன் கேபிள்

ஒரு சாணுக்கு மேல வேண்டாம்.

தம்பி நேத்து பதில் போட்டான். இன்டர்ஃபேஸைக் கழட்டி வெச்சுட்டு விட்டானாம், விடிய விடிய ஓடுச்சாம், ராம்ல கை வைக்கலையாம். கேபிளா சிப்பான்னு இன்னும் தெரியல. சிப்பு மேல என்ன எழுதியிருக்குன்னு கிட்டக்க வெச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்புடான்னு கேட்டிருக்கேன்.